கதவைத் திறந்தவரின் சத்தியக் கடதாசி

2006ஆம் ஆண்டு மார்ச் மாதம் 7ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடம். வெளியே சைபருக்குக் கீழே ஒன்பது பாகை. காலையில் தூறிய பனி நின்றுவிட்டது. வடமேற்கிலிருந்து காற்று அடித்தது. பல்கனிக் கம்பியில் கட்டிவைத்திருந்த வெப்பமானியைப் பார்த்துவிட்டு வந்து கதிரையில் உட்கார்ந்தேன். கதவு மணி இரண்டு தரம் அடித்தது.

மொன்றியல் நகரில், சென்ட் லோரன்ட் பகுதியில், ஒரு மூன்றாம் மாடி வீட்டில் அப்போது நாங்கள் நான்கு பேர் இருந்தோம். மகள் குழந்தைகள் காப்பகமொன்றில் வேலை செய்தாள். மருமகன் புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் பாரம் ஏற்றி இறக்கும் வண்டி ஓட்டினார். பேத்திக்குப் பதினாறு வயதும் ஏழு மாதமும். நான் யாழ்ப்பாணத்தில் அரசாங்கக் கச்சேரியில் முப்பத்தொரு வருடம் எழுதுவினைஞனாக இருந்து இளைப்பாறியவன். பகலில் வீட்டில் இருப்பது நான் மட்டும்தான்.

கதவிலுள்ள சிறு துவாரத்தால் பார்த்தேன். சீருடை. இடுப்புப் பட்டியில் ஏழு சாமான்கள் தொங்கின. அதில் ஒன்று துவக்கு.

திறக்காமல் இருந்திருக்கலாமே என்று பிறகு பலர் கேட்டார்கள். அது தெரியாதவர்களின் கேள்வி. சீருடைக்குக் கதவைத் திறக்காமல் இருந்தால் உடைத்துக்கொண்டு வருவார்கள். உடனே திறக்க வேண்டும், கைகள் இரண்டும் தெரிய நிற்க வேண்டும், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தானாகப் படித்தது.

திறந்தேன். இளம் பொலிஸ்காரர். "பொன்ஜூர், மொசியூ" என்றார். நான் விழித்ததைப் பார்த்து ஆங்கிலத்துக்கு மாறினார். கையிலிருந்த தாளைப் பார்த்து என் பேத்தியின் முழுப்பெயரையும் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, அந்தப் பிள்ளை இங்கேதான் வசிக்கிறாரா என்று கேட்டார்.

"இல்லை" என்றேன். "அப்படி யாரும் இங்கே இல்லை."

அவர் தாளை மறுபடி பார்த்தார். கதவு இலக்கத்தைப் பார்த்தார். "இலக்கம் சரிதானே?"

"இலக்கம் சரி. ஆள் இல்லை. நான் தனியாக இருக்கிறேன்."

எனக்குப் பின்னால் நடைவழியில் மூன்று சோடி சப்பாத்துகள் வரிசையாக இருந்தன. ஒரு சோடி சிவப்பு, வார் வைத்தது, பெண்பிள்ளையுடையது. அவர் அதைப் பார்த்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தாளில் எதையோ எழுதினார். "மெர்சி, மொசியூ" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். நாற்பத்தாறு படிகள், கடைசிப் படிவரை காலடியை எண்ணினேன். எல்லாமாக இரண்டு நிமிடத்துக்குக் குறைவு.

கதவைப் பூட்டிய பிறகு சங்கிலியையும் போட்டேன். ஒன்றை மறைக்கக் கூடாது. மனதுக்குள் எனக்கு ஒரு திருப்தி இருந்தது. பிள்ளையைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன்.

மூன்று ஐம்பதுக்குப் பேத்தி வந்தாள். புத்தகப் பையை எறிந்துவிட்டுக் குளிர்பெட்டியைத் திறந்தாள்.

"ஏன் அம்மப்பா அப்பிடிப் பாக்கிறீங்கள்?"

"ஒண்டுமில்லை. பாண் கிடக்கு, சாப்பிடு."

பள்ளிக்கூடத்தில் ஏதும் சிக்கலா, யாருடன் திரிகிறாள், கேட்கலாமா என்று யோசித்தேன். கேட்கவில்லை. இருட்டும்வரை யன்னலோரம் நின்று, கீழே பொலிஸ் வண்டி நிற்கிறதா என்று பதினொரு தரம் பார்த்தேன்.

நான் மறந்தே போயிருந்த விஷயம் இதுதான். கிறிஸ்மஸுக்கு முன்பே அவள் ஒரு விண்ணப்பம் போட்டிருந்தாள். எங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்தில் இளையோர் தொண்டர் குழு ஒன்று சேர்த்தார்கள். பன்னிரண்டு பேர், சனிக்கிழமைகளில். பொலிஸ் வேலை எப்படியிருக்கும் என்று உள்ளே நின்று பார்க்கலாம். நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போவார்கள், ரோந்து வண்டியில் ஒரு நாள் ஏற்றிப்போவார்கள், கோடையில் திருவிழாக் கூட்டங்களில் காணாமல்போன குழந்தைகளைத் தாய் தகப்பனிடம் சேர்க்கிற மேசையில் இவர்கள் உதவிக்கு இருப்பார்கள். பேத்தி கல்லூரியில் பொலிஸ் படிப்புக்குப் போக விரும்பினாள். அதற்கு இடம் கிடைப்பது மிகவும் கஷ்டம். இந்தக் குழுவில் இருந்தேன் என்று ஒரு கடிதம் கையில் இருந்தால் பெரிய உதவி என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். குழு இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான். அடுத்த முறை வரும்போது அவளுக்கு வயது கடந்துவிடும். ஆகவே இது ஒன்றுதான் வழி.

அப்போது நான் எதிர்த்தேன். மூன்று கிழமை அவளோடு சரியாகக் கதைக்கவில்லை.

"பொலிசிலை சேரப்போறியோ? எங்கட சனத்திலை ஆர் பொலிசிலை சேர்ந்தது?"

"சேரேல்லை அம்மப்பா. பாக்கப் போறன். ஸ்டாஜ் மாதிரி, வேலை பழகிப் பாக்கிறது."

மருமகன் சோற்றைப் பிசைந்துகொண்டு சிரித்தார். "சேரட்டும் மாமா. எனக்கு வாற ஸ்பீட் டிக்கெட்டுகளையாவது கிழிச்சுப் போடுவாள்."

"உங்களைத்தான் அப்பா முதல் பிடிப்பன்" என்றாள் பேத்தி.

பிறகு அந்தப் பேச்சு அடங்கிவிட்டது. நானும் மறந்தேன். விண்ணப்பித்தவர்களின் விலாசம் உண்மையா என்று பொலிஸார் வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. குளிர்பெட்டிக் கதவில் அதைப்பற்றிய அறிவித்தல் ஒரு மாதமாக ஒட்டியிருந்தது. பிரெஞ்சில் இருந்தது. ஒவ்வொரு நாளும் பால் எடுக்கும்போது அதைப் பார்த்தேன். பல் வைத்தியரின் கடதாசியாக்கும் என்று நினைத்தேன்.

மார்ச் 14, செவ்வாய்க்கிழமை, கடிதம் வந்தது. 10ஆம் திகதியிட்ட கடிதம். பேத்தி நின்றபடியே வாசித்தாள், பிறகு நிலத்தில் உட்கார்ந்து வாசித்தாள். விண்ணப்பதாரி கொடுத்த விலாசத்தில் வசிப்பவர், அப்படியொருவர் அங்கே இல்லையென்று கூறியிருக்கிறார். ஆகவே விண்ணப்பம் நிறுத்திவைக்கப்படுகிறது. தவறு இருந்தால், கதவைத் திறந்த நபரின் கையொப்பமிட்ட சத்தியக் கடதாசி பத்து நாட்களுக்குள் கையளிக்கப்பட வேண்டும்.

"கள்ள விலாசம் குடுத்தனாம்" என்றாள். "அம்மா, நான் கள்ள விலாசம் குடுத்தனாம்."

"பிழையான கதவிலை தட்டியிருப்பாங்கள்" என்றாள் மகள். "கீழ்வீட்டு மனிசன்தான் சொல்லியிருக்கும். அந்தாளுக்கு எங்களைக் கண்ணிலை காட்டேலாது."

இருவரும் இறங்கிப் போனார்கள். கீழ்வீட்டில் ஒரு வயோதிபப் போர்த்துக்கேயர் தனியாக இருந்தார். மகளின் குரல் படிக்கட்டில் கேட்டது. அந்த மனிதர் தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் இல்லை, இல்லை என்று சொன்னதும் கேட்டது. நான் மேலே கதிரையில் இருந்தேன். எழும்பிப் போய் வாயைத் திறக்க வேண்டும். திறக்கவில்லை. அவர்கள் திரும்பி வந்தபோது தேத்தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன்.

அன்றிரவு நான் நித்திரை கொள்ளவில்லை. மறுநாள் மாலை நால்வரும் மேசையில் இருக்கும்போது சொன்னேன். "பொலிஸ் வந்தது இஞ்சைதான். திறந்தது நான். இல்லையெண்டு சொன்னதும் நான்."

மருமகன்தான் முதலில் வாயைத் திறந்தார். கோபத்தைத் தணிக்க நினைத்தாராக்கும். "பொலிசையே பேய்க்காட்டிப்போட்டியளே மாமா" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

பேத்தி ஆங்கிலத்தில், ஏன், ஏன் என்று இரண்டு தரம் கேட்டாள்.

மகள் கோப்பையைத் தள்ளி வைத்தாள். என்னைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னாள். "அண்டைக்கு உண்மை சொன்னீங்கள். இண்டைக்குப் பொய் சொன்னீங்கள். ரெண்டும் உங்களுக்கு மாறித்தான் வந்தது அப்பா."

இருபது வருடத்தில் அதைப்பற்றி அவள் வாய் திறந்தது அதுவே முதல் தடவை.

அவள் சொன்ன அந்த நாள், யாழ்ப்பாணத்தில் நடந்தது, இது. எனக்கு ஒரு மகன் இருந்தான். இவளுக்கு அண்ணன். அவனுக்குப் பத்தொன்பது வயதும் நான்கு மாதமும் ஆகியிருந்தபோது, ஒரு காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு ஆமி வீட்டு வாசலுக்கு வந்தது. மகன் இருக்கிறானா என்று அரைகுறைத் தமிழில் கேட்டார்கள். நான் அரசாங்க உத்தியோகத்தன். அடையாள அட்டை சட்டைப் பையில். என் பிள்ளை எந்த வம்புக்கும் போகாதவன். மறைக்க என்ன இருக்கிறது? "ஓம், உள்ளே படித்துக்கொண்டிருக்கிறான்" என்றேன். விசாரித்துவிட்டு விடுகிறோம் என்றார்கள். அவன் சட்டையை மாற்றிக்கொண்டு தானாகவே நடந்து போனான். திரும்பி வரவில்லை. பதினான்கு முகாம்களுக்குப் போனேன். முப்பத்தெட்டு மனுக்கள் எழுதினேன். எழுதுவது என் தொழில். ஒரு மனுவிலும் பிழை இராது. எந்த மனுவுக்கும் பதில் வரவில்லை.

அதன் பிறகு எங்கள் வாசலுக்கு ஒன்பது தரம் சீருடைகள் வந்தன. வெவ்வேறு சீருடைகள், வெவ்வேறு பாஷைகள். ஒன்பது தரமும் மகள் உள்ளே நெல்லு மூட்டைகளுக்குப் பின்னால் இருந்தாள். ஒன்பது தரமும் நான் வாசலில் நின்று, பெண்பிள்ளைகள் யாரும் இங்கே இல்லை என்றேன். ஒன்பது தரமும் நம்பினார்கள். அவள் பிழைத்தாள், கலியாணம் கட்டினாள், மொன்றியல் வந்தாள், எனக்கு ஒரு பேத்தியைத் தந்தாள். எந்தப் பதில் பிள்ளையைக் கொண்டுபோகும், எந்தப் பதில் பிள்ளையை வைத்திருக்கும் என்பது எனக்குப் பத்துத் தரம் சோதித்துப் பார்த்த கணக்கு. இந்த ஊர் அந்தக் கணக்கில் இல்லை என்பது என் கையும் வாயும் கற்றுக்கொள்ளாத பாடம்.

இதையெல்லாம் அந்த மேசையில் நான் சொல்லவில்லை. மகளுக்குத் தெரியும், பேத்திக்குத் தெரியாது. மாமா ஒருவர் ஊரில் சண்டையில் செத்தார் என்றுமட்டும் அவளுக்குச் சொல்லி வைத்திருந்தோம். நான் எழுந்து நாட்காட்டியை எடுத்து வந்தேன்.

"பத்து நாள் இருக்கு. எல்லாம் சரிப்பண்ணலாம்" என்றேன்.

பென்சிலால் எண்ணினேன். 10ஆம் திகதி வெள்ளி. திங்கள் முதல் வெள்ளி ஐந்து, மறுகிழமை ஐந்து. மார்ச் 24 வெள்ளிக்கிழமை கடைசி நாள். அரசாங்கக் கடிதத்தில் நாள் என்றால் வேலைநாள். சனி, ஞாயிறு சேராது. முப்பத்தொரு வருடம் நாங்கள் அப்படித்தான் எண்ணினோம்.

"ஃபோன் அடிச்சுக் கேக்கட்டா?" என்றாள் பேத்தி.

"நான் எண்ணினால் எண்ணினதுதான்."

"ஓம். அம்மப்பா எண்ணினால் சரியா இருக்கும்" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. அந்த வீட்டில் மின்சார பில்லிலிருந்து மாத்திரை டப்பாவரை எல்லாவற்றையும் எண்ணுவது நான்தான்; ஒரு போதும் பிழைத்ததில்லை.

வியாழக்கிழமை, மார்ச் 16, நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதிக்குப் போனேன். அங்கே எங்கள் ஆள் ஒருவர், ஒரு பலசரக்குக் கடைக்கு மேல் அறை எடுத்து, அகதி விண்ணப்பம், ஸ்பொன்சர், பாஸ்போர்ட், எல்லாவற்றுக்கும் படிவம் நிரப்பிக் கொடுப்பார். சத்தியம் வாங்கும் அதிகாரமும் அவருக்கு இருந்தது. நடந்ததைச் சொன்னேன். கதிரையில் சாய்ந்து கேட்டார்.

"அண்ணை, இதை இப்பிடியே எழுதேலாது. பொலிசுக்குப் பொய் சொன்னனான் எண்டு நீங்களே கையெழுத்து வைப்பியளோ?"

"வேற என்ன செய்யிறது?"

"காது கேக்கேல்லை எண்டு எழுதுவம். வயது போன ஆள். பேர் விளங்கேல்லை. அவன் கேட்டது ஒண்டு, நீங்கள் சொன்னது ஒண்டு. முடிஞ்சுது."

"எனக்குக் காது நல்லாக் கேக்கும்."

"அது எனக்குக் கேக்கேல்லை அண்ணை" என்று சொல்லிச் சிரித்தார்.

எழுதினார். நல்ல ஆங்கிலம், நான் இரண்டு இடத்தில் மட்டும் திருத்தினேன். சனிக்கிழமை தட்டச்சுச் செய்து முத்திரை வைத்து, எங்கள் பகுதிக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். எழுபத்தைந்து டொலர். எனக்கு மனம் லேசாக இருந்தது. திங்கட்கிழமை காலை நேரே பொலிஸ் நிலையத்தில் கொடுத்துவிடலாம்.

சனிக்கிழமை மாலை பேத்தி அதை வாசித்தாள். பிறகு அறைக்குள் போய்த் தன் விண்ணப்பத்தின் நகலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"இதிலை கீழை என்ன எழுதியிருக்குப் பாருங்கோ. நான் குடுக்கிற எல்லாம் உண்மை எண்டு. நான் ஸைன் பண்ணியிருக்கிறன்."

"இது நான் குடுக்கிறது. நீ குடுக்கிறதில்லை."

"அம்மப்பா, பொலிசுக்குப் பொய் சொல்லி நான் பொலிசுக்குப் போறதா?"

"ஒரு கடதாசிதானே பிள்ளை. ஆர் பாக்கப்போகினம்?"

"நான் பாத்திட்டன்."

மகள் இருவருக்கும் நடுவில் நின்றாள். ஒருமுறை கொடுத்துவிட்டு வந்தால் என்ன என்று அவளுக்கும் இருந்தது; முகத்தில் தெரிந்தது. பேத்தி அந்தக் கடதாசியை இரண்டாகக் கிழித்தாள். கோபமாகக் கிழிக்கவில்லை. மடித்து, மடிப்பு வழியே ஒழுங்காகக் கிழித்து, என் கையில் தந்தாள்.

"நடந்ததை எழுதுங்கோ. ஏன் சொன்னீங்கள் எண்டு எழுதுங்கோ. நாள் இருக்குத்தானே?"

"இருக்கு" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போனோம். பூசையில் ஒரு வார்த்தையும் என் காதில் ஏறவில்லை. திங்கட்கிழமை எல்லோரும் போன பிறகு சமையலறை மேசையில் இருந்து எழுதத் தொடங்கினேன். கதவைத் திறந்தேன், இல்லையென்று சொன்னேன், அது பொய், என் பேத்தி இங்கேதான் பிறந்த நாள் முதல் எங்களோடு வசிக்கிறாள். இது ஐந்து வரி. ஏன் என்ற இடத்தில் பேனா நின்றது. மகன் இருந்தான் என்று எழுத வேண்டும். நான்தான் "ஓம், உள்ளே இருக்கிறான்" என்று சொன்னேன் என்று எழுத வேண்டும். முப்பத்தெட்டு மனுக்களிலும் அந்த ஒரு வசனத்தை நான் எழுதியதில்லை. "படையினர் வந்து அழைத்துச் சென்றனர்" என்றுதான் எழுதினேன். வாசலில் நின்றவன் என்ன சொன்னான் என்று எந்த மனுவிலும் இல்லை.

திங்கள் முழுவதும் எழுதினேன். செவ்வாயும் எழுதினேன். கிழித்தவை பதினொன்று. செவ்வாய் மாலை நான்கு மணிக்கு எழுதி முடித்துக் கையெழுத்து வைத்தபோது ஒன்றரைப் பக்கம் வந்தது. பேத்தி பள்ளிக்கூடத்தால் வந்து, சப்பாத்துக்கூடக் கழற்றாமல் அதை வாசித்தாள். பனித் தண்ணீர் நிலத்தில் வடிந்தது. வாசித்து முடிந்து முதலில் இருந்து மறுபடி வாசித்தாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து அந்தத் தாளைத் தன் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுத் தந்தாள்.

புதன்கிழமை, மார்ச் 22, அதே அறைக்குப் போனேன். அவர் வாசித்தார். இம்முறை சாய்ந்து இருக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தன் தம்பியைப்பற்றி ஏதோ சொல்லத் தொடங்கி நிறுத்திக்கொண்டார். முத்திரை குத்தினார்.

"எவ்வளவு?"

"இருபத்தைஞ்சு தாங்கோ."

"போன முறை எழுபத்தைஞ்சு."

"பொய் எழுதத்தான் அண்ணை யோசிக்கவேணும். உண்மை மலிவு."

மார்ச் 23, வியாழக்கிழமை, பள்ளி முடிந்ததும் பேத்தியும் நானும் பொலிஸ் நிலையத்துக்கு நடந்தோம். ஆயிரத்து நூற்று நாற்பது அடி. வழியில் மூலைக்கடையில், இங்கே தெப்பனர் என்பார்கள், எல்லாவற்றையும் நகல் எடுத்தோம். வீட்டு வாடகை ஒப்பந்தம், பள்ளிக்கூட அறிக்கை, என் கடதாசி, பதினான்கு தாள். ஒரு நாள் மிச்சம் வைத்துக் கொடுக்கிறோம் என்று அவளுக்குச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு வீதியைக் கடந்தாள். நீண்ட நாட்களுக்குப் பிறகு.

உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண் பொலிஸ் அதிகாரி இருந்தார். நாற்பது வயது மதிக்கலாம். பேத்தி பிரெஞ்சில் விளக்கினாள். அவர் உறையை வாங்கி என் கடதாசியை வாசித்தார். ஒன்றரைப் பக்கம் வாசிக்க இவ்வளவு நேரம் எடுக்குமா என்று நினைத்தேன். சுவர்க் கடிகாரத்தில் நான்கு நிமிடம் போனது. பிறகு அவர் கடிதத்தின் திகதியைப் பார்த்தார். நாட்காட்டியைப் பார்த்தார். பேத்தியிடம் பிரெஞ்சில் எதையோ மெதுவாகச் சொன்னார்.

பேத்தியின் முகத்தைப் பார்த்து எனக்குத் தெரிந்துவிட்டது.

"என்ன சொல்லுறா?"

அதிகாரி என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னார். "பத்து நாள் என்பது திங்கட்கிழமையோடு முடிந்தது, ஐயா. 20ஆம் திகதி. செவ்வாய் காலை அந்த இடத்தைக் காத்திருப்போர் பட்டியலில் இருந்த பிள்ளைக்குக் கொடுத்துவிட்டோம். அவருக்கு அறிவித்தும் ஆயிற்று. நாளை மறுநாள் பயிற்சி தொடங்குகிறது."

"சனி, ஞாயிறு..." என்றேன்.

"சனி, ஞாயிறும் சேர்த்துத்தான்."

"ஒரு பிள்ளைதானே. பதின்மூன்றாவது ஆளாக விடக்கூடாதா? பிழை முழுதும் என்னுடையது. அவள் ஒரு பொய்யும் சொல்லவில்லை. பொய்க் கடதாசி கையில் இருந்தது. அதைக் கிழித்தவள் அவள். அது இருந்திருந்தால் திங்கள் காலையே கொண்டுவந்திருப்பேன். நேரத்துக்கு வந்திருக்கும்."

இதைச் சொல்லக் கூடாது என்று பாதியில் தெரிந்தது. ஆனாலும் சொன்னேன். கண்ணாடியின் கீழ்த் துவாரத்துக்குள் கையை நீட்டி, அந்தத் தாளின் மூலையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். என் குரல் உயர்ந்தது. வரிசையில் நின்ற இருவர் திரும்பிப் பார்த்தார்கள். சீருடை ஒன்றிடம் நான் கெஞ்சியது அதுவே முதல் தடவை. பதினான்கு முகாம்களிலும் நான் நேராக நின்றுதான் கேட்டேன்.

அந்த அம்மா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். வாகனத்துக்கும் பயிற்சியாளருக்கும் பன்னிரண்டு பேருக்குத்தான் ஒழுங்கு என்றார். தன்னால் மாற்ற முடியாது என்றார். பேத்தி நல்ல விண்ணப்பதாரி என்று கோப்பில் எழுதிவைப்பேன் என்றார். பிறகு என்னிடம், "உங்கள் மகனைப்பற்றிப் பிறகு ஏதும் தெரிந்ததா?" என்று கேட்டார்.

இருபது வருடத்தில் ஒரு சீருடை என்னிடம் அதைக் கேட்டதில்லை. "இல்லை" என்றேன். அவர் கை நீட்டினார். நான் பிடித்தேன். அவருடைய பட்டியில் எத்தனை சாமான் தொங்கின என்று பார்க்கத் தோன்றவில்லை.

திரும்பும் வழியில் பேத்தி எனக்கு முன்னால் நடந்தாள். பழைய பனி வழுக்கியது. அவள் அடிக்கடி நின்று, நான் வருகிறேனா என்று பார்த்துவிட்டு மறுபடி நடந்தாள். கட்டிட வாசலில் திறப்பை எடுத்துக்கொண்டு, என்னைப் பாராமல் சொன்னாள்.

"இனி மணி அடிச்சால் திறக்காதேங்கோ அம்மப்பா. பேசாமல் இருங்கோ. அவை பேந்து திரும்பி வருவினம்."

அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் ஒரு நாளும் சொன்னதில்லை. அந்த வருட முடிவில் பொலிஸ் படிப்புக்கு விண்ணப்பித்தாள், இடம் கிடைக்கவில்லை. அந்தக் கடிதம் இருந்திருந்தால் கிடைத்திருக்குமா என்று யாருக்கும் சொல்ல முடியாது. நான் மட்டும் கிடைத்திருக்கும் என்றுதான் எண்ணுகிறேன். இப்போது வேறு ஏதோ படிக்கிறாள். என்ன படிப்பு என்று கேட்டால் ஒரு வரியில் பதில் சொல்லுவாள். முன்பு போல எதையும் எண்ணிப் பார்க்கச் சொல்லி என்னிடம் கொண்டுவருவதில்லை. மின்சார பில்லை மகள் பார்க்கிறாள்.

அன்று மாலையே சமையலறையில் இருந்து செலவை எழுதினேன். பழக்கம். முதல் கடதாசிக்கு எழுபத்தைந்து டொலர். இரண்டாவதுக்கு இருபத்தைந்து. பஸ் நான்கு தரம், பத்து. நகல் பதினான்கு தாள், ஒரு டொலர் நாற்பது சதம். கூட்டினேன். பிழை இருக்கும் என்று பயந்து, கீழிருந்து மேலாக மறுபடி கூட்டினேன். அதே தொகைதான் வந்தது: நூற்றுப் பதினொரு டொலர் நாற்பது சதம்.